எம் தாள்

மடிப்பு வேலையில் கதை வரிசையாக வராது.
ஒருத்திக்கு ஒரு தாள், அடியில் ஓர் எழுத்து.
பதினாறு பக்கம், மூன்று மடிப்பு,
எலும்புச் சட்டத்தால் ஓர் இழுப்பு.
நூறு மடித்தால் ஒரு பென்னி.
ஃபெட்டர் லேனின் மூன்றாம் மாடியில்
புதன் முதல் சனி வரை எனக்கு வந்தது எம்.
இரண்டாம் பாகம்,
நூற்று அறுபத்தொன்றிலிருந்து நூற்று எழுபத்தாறு.

கதாநாயகன் பெயர் சர் லயனல் என்பதை
அட்டையின் தங்க எழுத்தில்தான் படித்தேன்.
என் தாளில் அவன் ஓர் ஈரப் போர்வை,
ஒரு கடிவாளம்,
"சீக்கிரம்" என்ற ஒரு சொல்.
இருநூறு வருஷத்துக்கு முந்திய யுத்தம்,
மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும்.
என்னிடம் அது
அக்கரையில் அசையும் நாலு தீப்பந்தம்.

என்னிடம் இருந்தவர்கள் வேறு ஆட்கள்.
சுங்கச்சாவடி விதவை டோர்கஸ்,
"யாரும் இந்தப் பக்கம் வரவில்லை" என்று
சிப்பாய்களிடம் சொல்லிவிட்டு
கையிலிருந்த வெங்காயத்தை
உரித்து உரித்து ஒன்றுமில்லாமல் ஆக்குகிறவள்.
ஓடத்தில் ஏறமாட்டேன் என்கிற ஒரு நாய்.
செவர்ன் ஆற்றில் துடுப்புப் போடும்
ஜெத்ரோ வெய்ன், இடது காது கேட்காது.

நூற்று அறுபத்தெட்டாம் பக்கத்தில்
அவன் மனைவி கரையிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள்.
இடப்பக்கக் கரை.
அவன் திரும்பவில்லை.

நட்டாற்றில் போர்வைக்காரன் அவனை
"சகோதரா" என்கிறான், இரண்டு தடவை.
கரை தட்டியதும்
"கடவுள் கொடுப்பார்" என்று குதிரையைத் தட்டுகிறான்.
ஆறு கடக்கும் வரைதானே அண்ணன் தம்பி.
ஓடக்கூலி இரண்டு பென்னி. அதுவும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது.

முதல் மடிப்பில் ஆறு நடுவே மடியும்,
கரையும் கரையும் ஒட்டிக்கொள்ளும்.
அடுத்த தாளை எடுத்தால்
மறுபடி தண்ணீர், மறுபடி அவன்.
நாலு நாளில் மூவாயிரம் தடவை
கடந்தான். ஒரு தடவையும் மூழ்கவில்லை.

சனிக்கிழமை தேநீர் வேளையில்
கெசியா பிளவுண்ட் ரொட்டியை மென்றபடி சொன்னாள்:
"உன் ஓடக்காரனா? என்னிடம் தொங்குகிறானே."
அவள் தாள் கியூ.
இருநூற்று முப்பத்தொன்று, ஒன்றரை வரி.
சிப்பாய்கள் இன்னாரைப் பிடித்தார்கள், இன்னாரைச் சுட்டார்கள்,
*ஓடக்காரன் ஒருவனையும்* என்று ஒரு பின்குறிப்பு போல.
"பெயர்?" என்றேன்.
"பெயரெல்லாம் இல்லை" என்றாள், விரலை நக்கிக்கொண்டு.

திங்கட்கிழமை தாள் சேர்ப்பு.
நீள மேசையைச் சுற்றி நடந்து
அடுக்குக்கு ஒன்றாக எடுத்துக் கைமேல் வைக்கவேண்டும்.
எல், எம், என், ஓ, பி.
அதற்குப் பிறகு, ஒரே ஒரு பிரதிக்கு,
என் கை திரும்பிப் போய் எம்மை எடுத்தது.
மறதி என்று சொல்லமாட்டேன்.
சரிபார்க்கும் காரட் அன்று பல்வலியில்
தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.
மிஞ்சிய கியூ, பசை காய்ச்சும் அடுப்புக்குள் போயிற்று.

பிப்ரவரியில் லட்லோவிலிருந்து கடிதம்,
ஒரு துணைப் பாதிரியார்.
சிறையிலிருந்த சர் லயனல்
திடீரென்று பழைய ஆற்றைப் பழையபடி கடக்கிறார்,
பக்கத்தைத் திருப்பினால் கல்யாணம்.
மூன்று தடவை படித்தும் விளங்கவில்லை,
விடுபட்ட தாளை அனுப்பவும்.
அனுப்பினார்கள்.
அவர் அதை உள்ளே ஒட்டினாரோ
மேசை இழுப்பறையில் போட்டாரோ.

என் கூலியில் இரண்டு பென்னி பிடித்தார் காரட்.
எதற்குச் சிரிக்கிறாய் என்று கேட்டிருந்தால்
சொல்லியிருப்பேன்.

இந்த வாரம் சமையல் புத்தகம். டி தாள்.
விலாங்கைத் தோலுரிக்கும் முறை.
செவர்ன் விலாங்குதான் ருசி என்று போட்டிருக்கிறது.
ராத்திரியில் இறங்கிப் பிடித்தவன் யார் என்று
பதினாறு பக்கத்திலும் தேடிவிட்டேன்.